பத்தொன்பது பூந்தோட்டங்கள்

புனே நகரத்து ஹடப்சரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தின் படிகளை ஸ்டெல்லா மூன்று முறை ஏறி, மூன்று முறையும் பாதியில் இறங்கிவிட்டாள். நான்காவது முறையும் இறங்க இருந்தபோது எதிர்ச்சாரியில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் நிற்பது தெரிந்தது. மூன்று நாளாக அவள் போகிற இடமெல்லாம் வருகிறவன். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே போய் நின்றாள்.

"கதவைச் சாத்திடட்டுமா மேடம்?" என்று கேட்டாள். பெயரைச் சொல்லத் தோன்றவில்லை.

"சாத்துங்க. தாழ்ப்பாள் மக்கர் பண்ணும், கொஞ்சம் தூக்கிப் போடணும்," என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி, வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் என்பதுபோல.

அவர்தான் விசாலம். அறுபதை நெருங்கும் வயது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பயிர்ச் சேதம் மதிப்பிடும் வேலையில் முப்பது வருஷம் புனே மாவட்டத்து வரப்புகளில் நடந்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா உட்காரத் தெரியாமல், அடுத்தவர் தலைவலிகளை விசாரித்துக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜம்பு அவருடைய உதவியாள். நாற்பத்தைந்து வயது, கட்கியில் பிறந்தவர், முன்பு ஆட்டோ ஓட்டியவர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பார், பத்தாவது நிமிஷத்தில் அவனை விட்டுவிடுவார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருக்காங்க மேடம். வந்தா அப்படியே உள்ளே வெச்சுடுவாங்கன்னு சொல்றாங்க. என் பொண்ணு காவ்யாவுக்கு ஏழு வயசு. வீட்டுக்காரர் போசரியில ஷிஃப்ட்டு வேலை. நான் உள்ளே போயிட்டா..." ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தாள்கள் ஈரமாக இருந்தன. அவள் உள்ளங்கை அப்படி வேர்த்திருந்தது.

ஜம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவள் சொன்ன கதை இது.

கொரோனா வந்த வருஷம், ஊரடங்கில் பூ வியாபாரம் செத்துப்போனது. கல்யாணம் இல்லை, கோவில் இல்லை, சந்தை இல்லை. ரஞ்சன்காவைத் தாண்டியுள்ள கிராமங்களில் செண்டுப் பூவையும் சாமந்தியையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் ஓடையில் கொட்டினார்கள். அவர்களுக்கு அரசாங்கம் ஒரு நிவாரணத் தொகை அறிவித்தது. சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்களுக்கும் உண்டு. குத்தகைப் பத்திரம் மே மாதம் முடிவதற்குள் எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துத் தாலுகா வேளாண் அலுவலகம் ஒன்றில் ஸ்டெல்லா அப்போது ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். விவசாயிகள் கொண்டுவரும் நிலப் பட்டா, பத்திரம், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றுவது அவள் வேலை.

நாலு வருஷம் கழித்து இப்போது விசாரணை வந்திருக்கிறது. நிவாரணம் வாங்கிய குத்தகைத் தோட்டங்களில் பத்தொன்பது தோட்டங்கள் பூமியிலேயே இல்லை. பூவும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை. பணம் போன வங்கிக் கணக்குகள் எல்லாம் ஊரடங்கில் ஊருக்குப் போய்விட்ட வெளிமாநிலத் தொழிலாளிகள் பெயரில் இருந்தன. பத்தொன்பது விண்ணப்பங்களும் ஒரே நாளில், 2020 ஜூலை பத்தாம் தேதி, ஸ்டெல்லாவின் லாகினில் ஏறியிருந்தன.

"அந்த நாள் நீங்க ஆபீஸ்ல இருந்தீங்களா?" என்று விசாலம் கேட்டார்.

"இல்ல மேடம். ஜுரம். கொரோனாவா இருக்கும்னு வீட்டுல தனி ரூம்ல பூட்டிக்கிட்டுக் கெடந்தேன். டெஸ்ட்டும் எடுக்கல, டாக்டர் சீட்டும் இல்ல. வீட்டிலிருந்தே லாகின் பண்ணிருக்கலாமேன்னு இன்ஸ்பெக்டர் கேக்கறார்."

"பாஸ்வேர்டு?"

"மாத்திக்கிட்டே இருப்பேன். ஆனா சின்ன ஆபீஸ் மேடம். வைஷாலி மேடம், அங்க வேளாண் உதவியாளர், என் முதுகுக்குப் பின்னாடியே நிப்பாங்க. என்னைக் கண்டாலே ஆகாது. அப்புறம் உரக்கடை தினேஷ். விவசாயிங்க பேப்பரையெல்லாம் அவர்தான் கட்டுக் கட்டா கொண்டாருவார். கவுன்ட்டர்ல கையை ஊனிக்கிட்டுக் கீபோர்டையே பாப்பார்."

"வைஷாலிதான்," என்றார் ஜம்பு உடனே.

"கொஞ்சம் பொறு," என்றார் விசாலம். "உங்களை வேலைக்கு வெச்சது யாரு?"

"பாஸ்கர் சார். கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியில சூப்பர்வைசர். தமிழ்ப் பொண்ணுன்னுதான் வேலை கொடுத்தார். இப்பவும் அவர் ஒருத்தர்தான் மேடம் எனக்கு உதவி. வக்கீல்கூட ஏற்பாடு பண்ணிட்டார். பாஸ்வேர்டை அஜாக்கிரதையா வெச்சிருந்தேன், பணத்துல கொஞ்சம் எனக்கும் வந்ததுன்னு எழுதிக் கொடுத்துட்டா சின்ன தண்டனையோட போயிடும்கறார். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். ஒன்றரைக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்னார்."

"பணம் வந்ததா?"

"சத்தியமா இல்ல மேடம். நேத்து ராத்திரி என் வீட்டுக்காரரே கேட்டார், நீ ஒண்ணும் பண்ணலதானேன்னு. நம்பறார் மேடம், ஆனா கேட்டார். அதுலேருந்துதான் எனக்கு ரொம்பப் பயமாயிடுச்சு."

விசாலம் தாள்களைப் புரட்டினார். முதலில் பத்தொன்பது குத்தகைப் பத்திரங்களின் பட்டியல். ஒவ்வொன்றிலும் தேதி மே இருபத்திரண்டு. அடுத்தது ஜூலை பத்தாம் தேதிக்கான லாகின் பதிவு. பாஸ்கரின் கம்பெனி அச்சடித்துப் போலீசுக்குக் கொடுத்தது. காலை 9:35க்கு முதல் விண்ணப்பம் ஏறியிருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் பதினொரு விண்ணப்பங்கள். பதினோராவது 10:24க்கு. பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது 12:06க்கு. அதோடு சேர்த்து மிச்சம் எட்டும் மளமளவென்று ஏறிவிட்டன.

"நடுவுல ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணினாங்க?" என்றார் விசாலம்.

"கரண்ட் போயிருக்கும்," என்றார் ஜம்பு.

"நம்ம பக்கம் கரண்டை நிறுத்தறது வியாழக்கிழமை. அந்த ஜூலை பத்து வெள்ளிக்கிழமை."

"அப்ப டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"ஊரடங்குல எந்தக் கடையில ஒன்றரை மணி நேரம் டீ குடிச்சாங்க ஜம்பு?"

ஜம்பு அடுத்த காரணத்தை யோசிக்க ஆரம்பித்தார்.

விசாலம் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். இந்த விஷயத்தை விசாரிக்க அவருக்குச் சம்மதம் தருவதாக அதில் எழுதியிருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார். ஸ்டெல்லா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். விசாலம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். பிறகு காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. கடிதத்தின் ஓரத்தில் அந்த இரண்டையும் குறித்துக்கொண்டார்.

"எதையும் படிக்காம கையெழுத்துப் போடற பழக்கத்தை விடுங்க," என்றார். "நாளைக்கு அந்த வக்கீல்கிட்டே போகாதீங்க. அப்புறம், கீழே ஒருத்தர் வெள்ளைத் தொப்பியோட இந்த ஜன்னலையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறார். தெரிஞ்சவரா?"

 ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் ஜம்பு படியிறங்கிப் போயிருந்தார்.

மூன்று நிமிஷத்தில் ஜம்பு அந்த ஆளின் முழங்கையைப் பிடித்தபடி திரும்பி வந்தார். ஸ்டெல்லா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். வந்தவன் ரவுடிபோல் இல்லை. ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கசங்கிய வெள்ளைப் பைஜாமா, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மரியாதை அவளுக்கு இன்னும் அச்சமூட்டியது.

"இவங்களை ஏன் மூணு நாளா பின்தொடர்றீங்க?" என்று விசாலம் மராத்தியில் கேட்டார்.

"பின்தொடரல அம்மா. பேசலாம்னு வந்தேன். பக்கத்துல போகப் பயமா இருந்தது," என்றார் அவர். "ஆபீஸ்ல இவங்க கவுன்ட்டர் முன்னாடி ஏழு தடவை நின்னிருக்கேன். என் பேர் கிருஷ்ணா. ரெண்டு ஏக்கர் செண்டுப்பூ போட்டிருந்தேன்."

அவர் கதை சின்னது. ஆகஸ்ட் மாதம்தான் அவரால் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அந்த நிலத்துக்கு ஏற்கெனவே வேறொருவர் வாங்கிவிட்டார் என்று நிராகரித்துவிட்டார்கள். பூவை ஓடையில் கொட்டியவர், அடுத்த விதைப்புக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் கிணற்று மோட்டாரை விற்றார். இப்போது விசாரணை என்று கூப்பிட்டு, அவரே தன் நிலத்தை யாருக்கோ குத்தகைக்கு விட்டதாக ஒரு பத்திரத்தைக் காட்டியிருக்கிறார்கள். கீழே அவர் கைநாட்டு.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். நான் ஏன் கைநாட்டு வைக்கணும்?" என்றார் கிருஷ்ணா. "அது போகட்டும். பத்திரத்துல தேதி மே இருபத்திரண்டு. அன்னைக்கு அமாவாசை. எங்க ஊர்ல அமாவாசை அன்னைக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கை மாத்த மாட்டாங்க. நான் நிலத்தைக் கொடுப்பேனா? இதைச் சொன்னா போலீஸ்காரங்க சிரிக்கறாங்க."

விசாலம் சிரிக்கவில்லை. பத்திரங்களின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "முப்பது வருஷத்துல அமாவாசை அன்னைக்கு இந்தப் பக்கத்து விவசாயி ஒருத்தர்கூட என் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதில்லை. அந்த நாளை நான் எனக்கு லீவுன்னே வெச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

ஸ்டெல்லா பீரோ ஓரத்திலிருந்து வெளியே வந்தாள். பயம் ஒரு பக்கம் குறைந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து வேறொன்று ஏறியது. கிருஷ்ணா என்ற பெயர் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த விண்ணப்பமும் ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

விசாலம் போனை எடுத்தார். பழைய பயிர் இன்ஷூரன்ஸ் வழக்குகளில் பழக்கமான இன்ஸ்பெக்டர் ஜக்தாப்தான் இந்த விசாரணையையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அச்சடிச்சுக் கொடுத்த பதிவு வேண்டாம் சாகேப். மும்பையில அரசாங்க சர்வர்ல இருக்கற மூலப் பதிவை வரவழைங்க. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தாலும் இருக்கும். வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு என் ஆபீசுக்கு வாங்க. எல்லாரையும் கூப்பிடறேன்."

மறுநாள் புதன்கிழமை. ஸ்டெல்லா வக்கீலிடம் போகவில்லை. சரியாக ஒன்று முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"என்னங்க சிஸ்டர், வரலீங்களா?" பாஸ்கரின் குரல் எப்போதும்போல் இதமாக இருந்தது. "வக்கீல் காத்துக்கிட்டிருக்காருங்க. நான் உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். ஜெயில்னா சும்மா இல்லீங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் எத்தனை மணிக்கு விடுதுங்க? மூணேகால்தானே? நீங்க இல்லாட்டி யாரு கூட்டிட்டு வருவாங்கன்னு நெனச்சாவே எனக்கு மனசு கேக்கல."

பள்ளி விடும் நேரத்தை அவருக்கு அவள் எப்போதும் சொன்னதில்லை. போனை வைத்த கையோடு ஓடினாள். மூன்றேகால் மணிக்கு விடுகிற பள்ளியின் வாசலில் இரண்டு மணிக்கே போய் நின்று, வெளியே வந்த காவ்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் என்ன பாப்பாவா என்று காவ்யா திமிறினாள். அன்றும் மறுநாளும் ஸ்டெல்லா ஜன்னலைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விசாலத்தின் அறையில் நாற்காலிகள் போதாமல் ஜம்பு கீழே கண்ணாடிக் கடையிலிருந்து இரண்டு ஸ்டூல் வாங்கி வந்தார். இன்ஸ்பெக்டர் ஜக்தாப் கதவோரம் உட்கார்ந்தார், மடியில் மூடிய உறை ஒன்றுடன். வைஷாலி வெடுக்கென்று வந்து, எதற்கு என்று தெரியாமல் இவ்வளவு தூரம் கூப்பிட்டுவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். உரக்கடை தினேஷ் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாஸ்கர் கடைசியாக வந்து, "கவலப்படாதீங்க சிஸ்டர்," என்று ஸ்டெல்லாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கிருஷ்ணா ஜன்னலோரம் நின்றார். ஜம்பு ஒவ்வொருவரையும் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வேலைதான்," என்றார் விசாலம் எல்லோருக்கும் புரியும்படி ஹிந்தியில். "ஸ்டெல்லாவோட லாகினை நான் எப்பவும் பயன்படுத்தினதில்லைன்னு ஒரு வரி. ஆளுக்கு ஒரு தாள். கையெழுத்துப் போட்டுட்டா டீ குடிச்சுட்டுப் போயிடலாம்."

மணி பதினொன்று இருபத்தைந்து. வைஷாலி தாளை இழுத்துச் சர்ரென்று போட்டார். தினேஷ் இரண்டு முறை படித்து, தன் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஓர் எழுத்தைத் திருத்திவிட்டுப் போட்டார். ஸ்டெல்லாவும், லாகினே தன்னுடையது என்பதால், தனக்கு வைத்த தாளில் 'அந்த நாளில்' என்று சேர்த்துப் போட்டாள்.

பாஸ்கர் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். "வாசகம் கொஞ்சம் சரியில்லீங்களே," என்றார். விசாலம் வேறு தாள் கொடுத்தார். அதைப் பொறுமையாகப் படித்தார். ஆபீசிலிருந்து போன் என்று வெளியே போய் எட்டு நிமிஷம் கழித்து வந்தார். "முதல்ல டீயைக் குடிச்சிருவோமுங்க," என்றார். டீ வந்தது. டீ ஆறியது. கம்பெனியின் சட்டப் பிரிவைக் கேட்காமல் போடலாமா என்று யோசித்தார். விசாலம் அவசரப்படுத்தவே இல்லை. மழை எப்போது நிற்கும் என்று தினேஷிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா பாஸ்கரையே கவனித்துக்கொண்டிருந்தாள். பேசும்போதெல்லாம் அவர் கண் ஒரே இடத்துக்குப் போய்வந்தது. விசாலத்தின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்துக்கு. அவருக்கு அவசரமா, அவசரமே இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. மணி பன்னிரண்டாகி மூன்று நிமிஷம் ஆனபோது பாஸ்கர் திடீரென்று மனம் மாறியவர்போல, "சரிங்க, போட்டுத் தர்றனுங்க. நமக்கென்ன பயம்," என்று பேனாவை எடுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

விசாலம் அந்தத் தாளை வாங்கி மற்றத் தாள்களின் மேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு," என்றார் தமிழில். பிறகு ஜக்தாபுக்காக ஹிந்தியில் விளக்கினார். "எங்க ஊர்ப் பக்கம், தினமும் ஒன்றரை மணி நேரம் ஆகாத நேரம்னு ஒண்ணு உண்டு. கிழமைக்குக் கிழமை மாறும். அதை அனுசரிக்கறவங்க அந்த நேரத்துல எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க, கையெழுத்துப் போட மாட்டாங்க. ஜூலை பத்து வெள்ளிக்கிழமை. பத்தொன்பது விண்ணப்பத்துல பதினொண்ணு, பத்து இருபத்தி நாலுக்குள்ள ஏறிச்சு. மிச்சம் எட்டு, பன்னிரண்டு ஆறுலேருந்து. நடுவுல கரண்ட்டும் போகல, டீக்கடையும் இல்ல. ஏத்தினவர் நல்ல நேரத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தார்."

"இது என்னங்க பேச்சு," என்றார் பாஸ்கர் புன்னகையோடு.

"பத்திரங்களோட தேதிதான் எனக்கு முதல்ல உறுத்தினது," என்று விசாலம் தொடர்ந்தார். "பத்தொன்பதும் பொய்ப் பத்திரம். மே மாசத்துல எந்தத் தேதியையும் போட்டிருக்கலாம். போட்டவர் அமாவாசையைப் போட்டார். வைஷாலி, நீங்க போடுவீங்களா?"

"அமாவாசையிலயா? யார் போடுவாங்க?" என்றார் வைஷாலி. தினேஷும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"போட மாட்டீங்க. இங்க அது ஆகாத நாள். எங்களுக்கு அது நல்ல நாள். கடை திறப்போம், வண்டி வாங்குவோம். அதுவும் வெள்ளிக்கிழமையில வந்த அமாவாசைன்னா கேக்கவே வேண்டாம். பொய்யா இருந்தாலும் பத்திரம் பத்திரம்தானே. நாள் பாக்காம எழுத அவருக்குக் கை வரல. மராத்திக்காரங்க பேர்ல எழுதறோம், அவங்க நாளைப் பாக்கணும்னு தோணல. ஆக, எழுதினவர் தமிழர்."

 அந்த அலுவலகத்தில் இருந்த தமிழ் ஆபரேட்டர் ஸ்டெல்லா ஒருத்திதான். ஜக்தாப் அவள் பக்கம் திரும்பினார். ஜம்புகூடத் திரும்பினார். நம்பி வந்த இடத்திலேயே தன்னைப் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"அதேதானுங்களே," என்றார் பாஸ்கர் மெதுவாக. "நானும் அதத்தான் சிஸ்டர்கிட்ட சொல்றேன், ஒத்துக்கோங்கன்னு."

"ஸ்டெல்லாவோட குடும்பம் மூணு தலைமுறையா சர்ச்சுக்குப் போறவங்க. ஆனா நான் அதை வெச்சுச் சொல்லல, பழக்கம்னு ஒண்ணு யாருக்கும் இருக்கலாம்," என்றார் விசாலம். "செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூணுலேருந்து நாலரை. இந்தச் செவ்வாய்க்கிழமை மூணே முக்காலுக்கு, வாழ்க்கையே போற பயத்துல, என் கடிதத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. ஸ்டெல்லா, ராகு காலம் எப்பன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே சரியாத் தெரியாது மேடம்," என்றாள் அவள். 

"புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வக்கீல்கிட்டே கையெழுத்துப் போட ஒன்றரைக்கு மேலதான் வரணும்னு ஸ்டெல்லாவுக்குச் சொன்னது நீங்க, பாஸ்கர். இன்னைக்கு ஒரு வரியில கையெழுத்துப் போட உங்களுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு."

பாஸ்கரின் புன்னகை அப்படியே இருந்தது. முகத்தில் மற்றதெல்லாம் மாறிவிட்டது. "நாள் பாக்கறது குத்தமுங்களா? எங்கப்பா பாத்தாரு, நான் பாக்கறேன். இத வெச்சு என்ன பண்ணுவீங்க? பஞ்சாங்கத்தக் கோர்ட்டுல சாட்சிக்கு ஏத்துவீங்களா?"

"மாட்டோம். பஞ்சாங்கம் எங்கே தேடணும்னு மட்டும்தான் சொல்லிச்சு. சாகேப்."

ஜக்தாப் மடியிலிருந்த உறையைப் பிரித்தார். மும்பையிலிருந்து காலையில் வந்த மூலப் பதிவு அது. பாஸ்கரின் கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததில் நாலு பத்திகள் இருந்தன. இதில் ஐந்து. விடுபட்ட பத்தி, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஏறியது என்பது. பத்தொன்பதும் பாஸ்கரின் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து ஏறியிருந்தன. அன்று காலை ஒன்பது இருபதுக்கு, சூப்பர்வைசர் என்ற அதிகாரத்தில், ஸ்டெல்லாவின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. தொழிலாளிகளின் வங்கி அட்டைகளும் அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட பாஸ்கரின் மைத்துனனிடம் இருந்ததாக நேற்று மாலை தெரிந்துவிட்டது என்றார் ஜக்தாப்.

 கீழே காத்திருந்த போலீஸ்காரர்கள் இருவர் வந்து பாஸ்கரை அழைத்துப் போனபோது படியில் அவர் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது. தினேஷும் வைஷாலியும் கிளம்பினார்கள். வைஷாலி மட்டும் ஸ்டெல்லாவின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றதெல்லாம் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் என்று ஸ்டெல்லாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு நீங்க வரவேண்டியதில்லை," என்றார் ஜக்தாப் அவளிடம்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனையோ நாளாகத் தூங்காமல் இருந்தாள். அழுகை வந்தது. அழுதாள். ஜம்பு தண்ணீர் கொடுத்தார். தானும் கொஞ்சம் குடித்தார்.

கிருஷ்ணா இன்னும் போகவில்லை. "சாகேப், என்னோட விண்ணப்பம்?" என்று கேட்டார்.

ஜக்தாப் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பொய்க் குத்தகை ரத்தாகும். ஆனா உங்க விண்ணப்பம் தனியா நிராகரிக்கப்பட்டது. திட்டம் மூடி மூணு வருஷம் ஆச்சு. ஆபீஸ்தான் தப்புப் பண்ணிச்சுன்னு எழுத்துல இருந்தா மறுபடி திறக்கலாம். பதிவுல 'ஆபரேட்டர் நிராகரித்தார்'னு மட்டும் இருக்கு. விதிப்படி பாத்துத்தான் நிராகரிச்சிருப்பாங்கன்னு எடுத்துப்பாங்க."

விதி என்ன என்று அந்த அறையில் ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே நிலத்துக்கு இரண்டு விண்ணப்பம் வந்தால் இரண்டு போட்டோக்களையும் திறந்து ஒப்பிட்டு, மேலே அனுப்ப வேண்டும். அன்று வரிசையில் நானூறு விண்ணப்பங்கள் இருந்தன. திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒப்பிடு, நிராகரி. அவள் போட்டோவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தன் செண்டுப்பூ நடுவில் நிற்கும் கிருஷ்ணாவைப் பார்த்திருப்பாள். இன்னொரு போட்டோவில் ஒரு வெற்றுத் தரையைப் பார்த்திருப்பாள். அன்றே பத்தொன்பதும் வெளியே வந்திருக்கும்.

"மேடம், ஒரு தாள் கொடுங்க," என்றாள்.

 நிராகரித்த ஆபரேட்டர் அவள்தான் என்று விசாலத்துக்குப் புரிந்துவிட்டது. "யாரும் உங்களைக் கேக்கல ஸ்டெல்லா. இதை எழுதினா உங்க பேர் மறுபடி பைலுக்குள்ள போகும். இப்ப வேலை பாக்கற இடத்துல என்ன சொல்வாங்க?"

"பள்ளிக்கூட ஆபீஸ் மேடம். போலீஸ் விவகாரம் எதுனா உண்டான்னு கேட்டுத்தான் சேத்தாங்க. அனுப்பிடுவாங்கன்னுதான் நெனைக்கறேன்." அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வாரம் முழுதும் இருந்த அதே பயம். ஆனாலும் எழுதினாள். மராத்தியில், ஒவ்வொரு வரியாக, தேதி, நேரம், விண்ணப்ப எண், திறக்காத போட்டோ எல்லாவற்றையும்.

எழுதி முடித்ததைக் கிருஷ்ணா வாங்கி, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாலு வருஷமா கம்ப்யூட்டர்தான் வேண்டாம்னு சொல்லிச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தாயி," என்றார்.

"இல்ல அண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "நான்தான்."

தாளைத் திரும்ப வாங்கி மேஜையில் வைத்து, அதன் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.